பூஸ்டர் நன்றாகத்தான் இருக்கிறது

ஆகஸ்ட் 27, 2024, செவ்வாய்

கோபத்தை வாயால் காட்டாமல் நோட்டில் எழுதிப் பழகச் சொல்லியிருக்கிறார் பிரஷர் டாக்டர். நூற்றறுபதுக்கு நூறு. ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கொடுத்த டைரி எட்டு மாதமாகச் சும்மா கிடந்தது. சரி, எழுதிப் பார்ப்போம்.

இன்றைய கோபத்தின் பெயர் வேங்கடசுப்ரமணியன். மாட்டுங்கா. எழுபத்தோரு வயது. கப்பல் கம்பெனி ஆபீஸில் பெரிய சீட்டில் இருந்து ரிடையர் ஆனவர். அந்தச் சீட்டை விட்டு இன்னும் எழுந்திருக்கவில்லை. அவருடைய பெட்ரோல் காருக்கு வயது இருபத்தொன்று. அதில் ஒரு கீறல் விழுந்தால் என் கராஜ் இருக்கிற தாராவி முழுக்கக் கேட்கும்.

"பிரேக் கல்லாட்டம் இருக்கு. மிதிச்சா இறங்கமாட்டேங்கறது. ஜூன்ல நீதானே அதுல கை வெச்சே?"

ஜூனில் நான் மாற்றியது ஒரு ஹோஸ். என்ஜினிலிருந்து பிரேக் பூஸ்டருக்குப் போகிற ரப்பர் குழாய். பெடலுக்குப் பின்னால் உருண்டையாக ஒரு தகர டப்பா இருக்கும், அதுதான் பூஸ்டர். என்ஜின் அதிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்துவிடும். அந்த வெற்றிடம் நம் காலோடு சேர்ந்து மிதிக்கும். அது போனாலும் பிரேக் பிடிக்கும், ஆனால் மிதிப்பவனுக்கு யானைக்கால் வேண்டும்.

அவர் முன்னாலேயே பார்த்தேன். என்ஜினை அணைத்து ஐந்து தடவை மிதித்து உள்ளே இருந்ததைத் தீர்த்தேன். ஆறாவது மிதியை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்தேன். பெடல் தானாகக் கீழே இறங்கியது. இறங்கினால் பூஸ்டர் நல்லது. இருபத்தாறு வருஷமாக இப்படித்தான் பார்க்கிறேன்.

"பூஸ்டர் நல்லாத்தான் இருக்கு சார்."

"அப்போ நான் பொய் சொல்றேனா?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததற்கு டாக்டர் எனக்கு மெடல் தர வேண்டும்.

ஆகஸ்ட் 29, வியாழன்

மறுபடியும் வந்தார். அதே கல், அதே பெடல், அதே குரல்.

நானே வண்டியை எடுத்துக்கொண்டு தொண்ணூறடி ரோட்டில் நெரிசலோடு நெரிசலாக ஓட்டிப் பார்த்தேன். இருபது தடவையாவது பிரேக் போட்டிருப்பேன். பஞ்சு மாதிரி இருந்தது. திரும்பி வந்து சாவியைக் கையில் கொடுத்தேன்.

"வண்டில ஒண்ணும் இல்ல சார். வயசானா கால்ல பலம் கொறையும். ஒரு டாக்டரப் பாருங்க."

அவர் முகம் செத்துப் போய்விட்டது. எனக்கு உள்ளுக்குள் நன்றாக இருந்தது, எழுதினால் என்ன, யார் படிக்கப் போகிறார்கள்? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். சுற்றி நின்ற நாலு பேர் சிரித்தார்கள். அவர் கதவைச் சாத்திய வேகத்தில் கண்ணாடி உடைந்திருக்க வேண்டும்.

செப்டம்பர் 1, ஞாயிறு

சயான் மேம்பாலத்திலிருந்து இறங்கும்போது வேங்கடசுப்ரமணியன் முன்னால் நின்ற டாக்ஸியில் மோதிவிட்டாராம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் வீட்டு மாமிக்கு வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு.

செப்டம்பர் 2, திங்கள்

காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே எதிரில் நிற்கிறார். நெற்றியில் வீக்கம். கத்தினார் பாருங்கள், எதிர்ச் சந்திலிருந்த இட்லிக்காரி அண்டாவை விட்டுவிட்டு வந்து நின்றாள்.

"ரெண்டு தடவை வந்து சொன்னேன்! ரெண்டு தடவை! என் காலைக் குத்தம் சொன்னே. இப்போ அகிலாண்டம் கையை ஒடிச்சுண்டு உக்காந்திருக்கா. நீ மெக்கானிக்கா, கசாப்புக்காரனா?"

நானும் விடவில்லை. "ஓட்டத் தெரியாதவன் ரோட்டுக்கு வரக்கூடாதுய்யா!" என்று கத்தினேன். சாருமில்லை ஒன்றுமில்லை. பதினைந்து வருஷத்து வாடிக்கைக்காரரை 'ய்யா' போட்டு இழுத்தது இன்றுதான் முதல் தடவை. வீட்டுக்குப் போனதும் மனைவி பேராச்சி மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்து முன்னால் நின்றாள். "எவன் கூட மல்லுக்கு நின்னுட்டு வாரீய?" என்றாள்.

செப்டம்பர் 4, புதன்

அவர்கள் பில்டிங் வாட்ஸாப் குரூப்பில் என் கடை போட்டோவைப் போட்டிருக்கிறார். 'உயிருக்கு ஆபத்து, இந்த கராஜுக்குப் போகாதீர்கள்.' அதை அப்படியே கோயில் குரூப்பிலும் தள்ளியிருக்கிறார். எனக்கு மாட்டுங்கா வண்டிகள்தான் பாதி வேலை. இன்றைக்கு வரவேண்டிய மூன்று பேரும் வரவில்லை. ஒருவர் போனை எடுத்து, "ஊர்ல இல்லை வெயிலுமுத்து" என்றார். பின்னால் அவர் வீட்டுக் குக்கர் விசில் கேட்டது.

செப்டம்பர் 6, வெள்ளி

நாளைக்குப் பிள்ளையார் சதுர்த்தி. ஊரெல்லாம் மேளம். என் கடையில் ஈ கூட இல்லை.

செப்டம்பர் 9, திங்கள்

எதிர்பாராமல் அவர் மகள் மானசா வந்தாள். செம்பூரில் இருக்கிறாள், ஏதோ ஐ.டி. வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

"அங்கிள், அப்பா சொல்றதையும் நான் அப்படியே நம்பல்லே. நீங்க சொல்றதையும் நம்பல்லே. என் முன்னாடி கழட்டிக் காட்டுங்கோ. நான் வீடியோ எடுத்துக்கறேன்."

திமிர்தான். ஆனாலும் நியாயமான திமிர். முதலில் ஸ்டார்ட் செய்து காட்டினேன், பெடல் இறங்கியது. காதை வைத்துக் கேட்கச் சொன்னேன், உள்ளே கிழிந்திருந்தால் 'உஸ்' என்று சத்தம் வரும், வரவில்லை. அப்புறம் மாஸ்டர் சிலிண்டரை விலக்கினேன். ஆயில் கசிந்து பூஸ்டருக்குள் போயிருந்தால் ஈரம் தெரியும், எலும்பு மாதிரி காய்ந்திருந்தது. பூஸ்டரையே கழற்றி மேஜையில் வைத்தேன். நசுங்கல் இல்லை, துரு இல்லை. ஹோஸைத் தொடவில்லை. அது நான் ஜூனில் மாற்றியதுதானே, அதில் பார்க்க என்ன இருக்கிறது?

"எல்லாம் சரியா இருக்குன்னா அம்மா கை எப்படி உடைஞ்சுது?" என்று கேட்டாள்.

"அத ஒங்க அப்பாகிட்டதான் கேக்கணும். அவரு எப்படி ஓட்டுதாருன்னு நான் பக்கத்துல ஒக்காந்து பாக்கணும். அதே பாலம், அதே எறக்கம்."

வியாழக்கிழமை என்று முடிவாயிற்று.

செப்டம்பர் 12, வியாழன்

பிடித்தேன்! பிடித்தேன்! பிடித்தேன்!

அவர் ஓட்ட, நான் பக்கத்தில், மானசா பின்சீட்டில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. காலை ஏழு மணி, கூட்டமில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று ஹேண்ட் பிரேக்கில் கை வைத்திருந்தேன். பாலத்தின் உச்சி வந்தது. அவர் கை நிதானமாகச் சாவிக்குப் போனது. நியூட்ரலில் தள்ளினார். 'டிக்'. என்ஜினை அணைத்துவிட்டார்.

வண்டி சத்தமில்லாமல் இறங்குகிறது. கீழே சிக்னலில் ஒரு பஸ் நிற்கிறது. அவர் மிதிக்கிறார், பெடல் இறங்கவில்லை. இரண்டு காலையும் வைத்து மிதிக்கிறார். நான் ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். பஸ்ஸுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

"என்ஜின எதுக்குய்யா அணைச்சீரு?"

"எறக்கத்துல எதுக்கு பெட்ரோல் வேஸ்ட் பண்ணணும்? நான் எப்பவுமே இப்படித்தான். எங்க ஆபீஸ் டிரைவர் அந்தக் காலத்துல கத்துக்கொடுத்தது."

என்ஜின் ஓடினால்தானே பூஸ்டருக்கு உறிஞ்சல்? பாலத்தடி சிக்னலில், ஹாரன் அடிக்கிற வண்டிகளுக்கு நடுவில், அவருக்குப் பாடம் எடுத்தேன். கார்ப்பரேஷன் பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி எடுத்தேன். மகள் இறங்கி வந்து அப்பா கையிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டாள். கொடுக்கும்போது அவர் விரல்கள் உடனே விடவில்லை. பார்த்தேன். ரசித்தேன்.

செப்டம்பர் 13, வெள்ளி

அந்த வீடியோவைப் போடச் சொன்னதும் மானசாவே பில்டிங் குரூப்பில் போட்டுவிட்டாள். 'மெக்கானிக் மீது தவறில்லை. மன்னிக்கவும்.' மத்தியானத்துக்குள் நான்கு போன். குக்கர் விசில்காரரும் ஊரிலிருந்து திரும்பிவிட்டார்.

முன் பம்பரையும் ஹெட்லைட்டையும் சரி செய்யச் சொல்லி வண்டியை என்னிடமே விட்டிருக்கிறாள். அப்பா இனிமேல் ஓட்டமாட்டாராம்.

இன்று பிரஷர் நூற்று முப்பது. ஜெயிப்பதைப் போல மாத்திரை கிடையாது.

செப்டம்பர் 16, திங்கள்

எழுதவேண்டாம் என்று நினைத்தேன்.

ஹெட்லைட்டை மாட்டி, ஸ்டார்ட் செய்து எரியவிட்டுப் பார்த்தேன். அணைத்துவிட்டு இறங்கும்போது கால் தற்செயலாகப் பிரேக்கில் பட்டது. கல்.

முதல் மிதியே கல். அப்படி இருக்கக்கூடாது. என்ஜினை அணைத்தாலும் பூஸ்டருக்குள் இருக்கிற வெற்றிடம் உடனே போகாது. இரண்டு மூன்று மிதி வரைக்கும் மெத்தென்று இருக்கும், அப்புறம்தான் கல்லாகும். ஹோஸின் நடுவில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் வால்வு இருக்கிறது. காற்றை ஒரு பக்கமாக மட்டும் விடும், திரும்ப வர விடாது. அதுதான் இந்த இரண்டு மூன்று மிதியைக் காப்பாற்றி வைக்கிறது. ஸ்டார்ட் செய்து, அணைத்து, கொஞ்சம் பொறுத்து மிதித்தால் தெரிந்துவிடும். இது இரண்டாவது சோதனை. எல்லோருக்கும் தெரியும், எவனும் செய்வதில்லை. முதலாவது பாஸானால் போதும் என்று சாவியைக் கொடுத்துவிடுவோம்.

வால்வைக் கழற்றி வாயில் வைத்து ஊதினேன். இந்தப் பக்கமும் போகிறது, அந்தப் பக்கமும் போகிறது.

ஆகஸ்ட் 27-ஆம் தேதியே இதைச் செய்திருந்தால்? ஒரு நிமிஷ வேலை.

செப்டம்பர் 17, செவ்வாய்

நேற்று பாதிதான் எழுதினேன்.

அந்த வால்வு குர்லாவில் ரஹ்மத்துல்லா கடையில் பழைய சாமான் பெட்டியிலிருந்து நான் எடுத்தது. புது ஹோஸ் கிடைத்தது, ஆனால் அந்த மாடலுக்குப் புது வால்வு வர நான்கு நாளாகும் என்றார்கள். மறுநாள் வண்டி வேண்டும் என்று வேங்கடசுப்ரமணியன் உயிரை எடுத்தார். பழையதைத் துடைத்து மாட்டினேன். "எல்லாம் புதுசு சார்" என்று சொன்னேன். சொன்னது மறந்தே போயிற்று. உண்மையாகவே மறந்துபோயிற்றா? அன்றைக்கு மானசா முன்னால் ஹோஸைத் தொடாமல் விட்டேனே, அது மறதியா?

ரஹ்மத்துல்லாவுக்குப் போன் போட்டுச் சண்டைக்குப் போனேன்.

"வே, பெட்டியில கெடந்ததை நீருதான் பொறுக்கிட்டுப் போனீரு. நான் என்ன கேரண்டின்னா சொன்னேன்? ஊதிப் பாக்காம மாட்டுனது யாரு?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டான்.

இருபது வருஷமாக அந்த மனுஷன் என்ஜினை அணைத்துத்தான் பாலம் இறங்கியிருக்கிறார். தப்புதான், முட்டாள்தனம்தான். ஆனால் நல்ல வால்வு இருந்தவரைக்கும் அந்த முட்டாள்தனத்தை அது தாங்கிக்கொண்டது. நான் போட்டது தாங்கவில்லை.

புது வால்வு வாங்கி மாட்டிவிட்டேன். அணைத்து மிதித்தேன், மூன்று மிதி மெத்தென்று இருந்தது. பழையது மேஜை டிராயரில். வண்டி இப்போது நன்றாக இருக்கிறது. யாருக்கும் எந்த ஆபத்தும் இல்லை. அப்புறம் என்ன?

செப்டம்பர் 19, வியாழன்

வண்டியைக் கொண்டுபோய் விட்டாயிற்று. சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்தேன். மாடிக்குப் போகவில்லை.

செப்டம்பர் 23, திங்கள்

வந்துவிட்டார். பஸ்ஸில். இந்த வயதில் அந்த நெரிசலில் பஸ்ஸில் வந்து, தொண்ணூறடி ரோட்டில் இறங்கி நடந்து வந்திருக்கிறார்.

சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுத் தயாராக நின்றேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். குரல் எழும்பவே இல்லை.

"உன்னை ரொம்பப் பேசிட்டேன். மனசுல வெச்சுக்காதே. என் தப்புதான்."

"பரவால்ல சார்" என்றேன்.

"ஒண்ணு மட்டும் கேக்கணும்னு வந்தேன். இருபது வருஷமா அப்படித்தான் எறங்கறேன். ஒரு தடவை கூட பெடல் கல்லா ஆகல்லே. இப்போ ஏன் ஆச்சு? நீ சொன்னியே, கால்ல பலம் போயிடுத்துன்னு. அதானா? நரம்பு டாக்டர்கிட்ட டெஸ்டுக்கு எழுதிக் கொடுத்திருக்கா. மாடிப்படி எறங்கவே பயமா இருக்கு. காலை நம்ப முடியல்லே."

இருபத்தாறு வருஷத்தில் எந்த மெக்கானிக்கும் என்னிடம் இவ்வளவு சரியான கேள்வியைக் கேட்டதில்லை. இருபது வருஷமாக ஆகாதது இப்போது ஏன் ஆயிற்று? நான் ஆகஸ்டிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. பழைய வால்வு கிடந்த டிராயர் அவர் முழங்காலுக்கு நேராக இருந்தது.

"வயசாயிட்டுல்லா சார்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு எழுந்தார். போன மாதம் ஊன்றாமல்தான் எழுந்தார்.

செப்டம்பர் 24, செவ்வாய்

ஏன்டா சொன்னே? ஒருத்தனும் உன் கழுத்தைப் பிடிக்கவில்லையே. பரவாயில்லை என்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கலாமே. வாயைத் திறந்து எதுக்குல அதைச் சொன்னே?

செப்டம்பர் 25, புதன்

பேராச்சியிடம் சொன்னேன். முழுதாகச் சொன்னேன். அவள் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"இப்பதான நாலு வண்டி திரும்ப வந்துருக்கு" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அந்தம்மாவுக்குச் சோத்துக் கைல்லா?" என்றாள். அவ்வளவுதான். கொத்தமல்லியை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

அவள் மேல்தான் கோபம் வருகிறது. போய்ச் சொல்லு என்று சொல்லியிருக்கலாம். போகாதே என்றாவது சொல்லியிருக்கலாம்.

செப்டம்பர் 26, வியாழன்

போனேன்.

மாமிதான் கதவைத் திறந்தார்கள். வலது கையில் மாவுக்கட்டு. உள்ளே அவர் ஜன்னல் பக்கம் நாற்காலியில், லுங்கியோடு, சவரம் செய்யாமல். டிவி ஓடிக்கொண்டிருந்தது, அவர் அதைப் பார்க்கவில்லை.

வால்வை டீப்பாயின் மேல் வைத்தேன். நின்றுகொண்டே சொன்னேன். குர்லாப் பெட்டி, புதுசு என்ற பொய், செய்யாமல் விட்ட சோதனை, திங்கட்கிழமை சொன்ன இரண்டாவது பொய். "நீங்க என்ஜின அணைச்சதும் தப்புதான் சார்" என்று சொல்லாமலும் விடவில்லை, அது உண்மைதானே. "ஆனா ஒங்க கால்ல ஒண்ணும் இல்ல. எவன் மிதிச்சிருந்தாலும் அது எறங்கியிருக்காது."

அவர் வால்வை எடுத்தார். நான் செய்தது போலவே வாயில் வைத்து ஊதினார். திருப்பி வைத்து ஊதினார். முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் ஏறியது.

"அயோக்கியப் பயலே!"

நாற்காலியைப் பிடிக்காமல் எழுந்தார். "என் காலை நான் ரெண்டு வாரமா தடவிப் பாத்துண்டு உக்காந்திருக்கேண்டா! பாத்ரூமுக்குக் கூட இவ தோளைப் பிடிச்சுண்டு போறேன். பெத்த பொண்ணு என்னைக் கொழந்தையாட்டம் பாக்கறா. நீ டிராயர்ல இதை வெச்சுண்டு வயசாயிடுத்துன்னு சொன்னியா? என் மூஞ்சியப் பாத்து சொன்னியா?"

மேலேயும் கீழேயும் கதவுகள் திறந்தன. கெட்ட வார்த்தையும் வந்தது, அவருக்கு அதெல்லாம் தெரியும் என்று நினைக்கவில்லை. அறையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து நடந்து திட்டினார். நடக்கிறார் என்பது அவருக்கே தெரியவில்லை.

மாமி என்னைத் திட்டவில்லை. "இவர் இப்படிக் கத்தி ஒரு மாசமாச்சு" என்றார்கள். அப்புறம் கட்டுப்போட்ட கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு சொன்னார்கள், "ஆனா உன்னை என்னால மன்னிக்க முடியல்லே. பொய் சொல்லப்படாது, ஆமா." பிரஷர் ஏறிக் காது அடைத்தது. தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தேன்.

செப்டம்பர் 28, சனி

குரூப்பில் போடுவதற்கு நடந்ததை எழுதிக் கொடுக்கச் சொன்னார் வேங்கடசுப்ரமணியன். தமிழில் ஒரு பக்கம் எழுதிக் கொண்டுபோனேன். மானசா வாங்கிப் பார்த்துவிட்டு, "எனக்கு இவ்ளோ தமிழ் படிக்க வராது அங்கிள். குரூப்ல பாதிப் பேருக்கும் வராது. நீங்களே சொல்லுங்கோ" என்று போனைத் தூக்கிப் பிடித்தாள். என் தப்பை என் வாயாலேயே, தமிழிலும் இந்தியிலும் சொன்னேன். இந்தியில் சொல்லும்போது இன்னும் கேவலமாக இருந்தது.

செப்டம்பர் 30, திங்கள்

நான்கு பேரில் மூன்று பேர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஒருவர் பாதி பிரித்த என்ஜினோடு கட்டி இழுத்துக்கொண்டு போனார்.

நல்லவனாக இருந்தால் தூக்கம் வரும் என்கிறார்களே, எங்கே வருகிறது? கோபம்தான் வருகிறது. பொய் சொன்ன மூன்று மாதம் கடை நிறைய வண்டி. உண்மை சொன்ன மூன்றாம் நாள் ஷட்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. போன வருஷம் சந்துமுனை வரைக்கும் வண்டிகள் நின்றன. இன்று ஒரு ஆட்டோ, ஒரு ஸ்கூட்டர். ஸ்பேனர்களுக்குச் சந்தனம் வைத்துவிட்டுப் பத்து மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டேன். சீத்தா கேம்ப் பகுதியில் ஒரு பெரிய கராஜில் ஆள் கேட்கிறார்களாம். ஐம்பது வயதில் இன்னொருவனுக்குக் கீழே போய் நிற்பதா?

அக்டோபர் 19, சனி

பத்தரை மணிக்கு வாசலில் ஹாரன். அந்த ஹாரன் எனக்குத் தெரியும்.

வேங்கடசுப்ரமணியனே ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். மானசா சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள் போலிருக்கிறது. பக்கத்தில் மாமி. கட்டுப் பிரித்தாயிற்று, கை கொஞ்சம் மெலிந்திருந்தது. அவர் இறங்கி, சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன பாக்கெட்டை எடுத்து மேஜையில் போட்டார். புது வால்வு, சீல் பிரிக்காதது.

"நீ போட்டிருக்கிறதை நான் நம்பல்லே. இதைப் போடு. என் கண் முன்னாடி."

எனக்கு ஏறிவிட்டது. "மாட்டுங்காவுல வேற மெக்கானிக்கே இல்லையா சார்? எதுக்கு இவ்ளோ தூரம் வாரீய?"

"இருக்கான், நாலு பேர். அவா என்ன பொய் சொல்லுவான்னு எனக்குத் தெரியாது. உன்னோடது தெரியும்."

மாற்றினேன். தலைக்கு மேலேயே நின்றார், வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு. "கிளாம்ப்பை இன்னும் டைட் பண்ணு" என்று எனக்கே சொல்லிக்கொடுத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு டைட் பண்ணினேன். கழற்றியதை வாங்கி ஊதிப் பார்த்தார், அதுவும் நல்லதுதான். பையில் போட்டுக்கொண்டார்.

சோதனையை என்னைச் செய்யவிடவில்லை. அவரே ஏறி உட்கார்ந்து ஐந்து மிதித்து, ஸ்டார்ட் செய்து, பெடல் இறங்குகிறதா என்று பார்த்தார். அணைத்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்து இரண்டு நிமிஷம் பொறுத்தார். மிதித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவதில் இறுகியது.

"ம்" என்றார்.

போய் வருகிறேன் என்று சொல்லவில்லை. நானும் வாருங்கள் என்று சொல்லவில்லை. அவர் ஸ்டார்ட் செய்ததும் முன்சீட்டிலிருந்த மாமி கதவைத் திறந்துகொண்டு இறங்கினார்கள். என்னை ஒருமுறை பார்த்தார்கள், அவரையும் ஒருமுறை பார்த்தார்கள். பின்சீட்டில் ஏறி, இடது கையாலேயே பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டார்கள்.